ட்ரோல் மேசையில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எஸ்சிஏ என்பது சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம், இடைக்கால ஐரோப்பிய வாழ்க்கையை உடை, சண்டை, விருந்து என்று மறுபடி வாழ்ந்து பார்க்கிறவர்களின் சங்கம். அதன் நிகழ்ச்சி எதற்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு மடக்கு மேசை, ஒரு கல்லாப்பெட்டி, கையெழுத்துத் தாள் செருகிய நாலைந்து பரீட்சை அட்டைகள். ட்ரோல் என்று அங்கே சொல்லும் இந்த வாசல் மேசையில் உட்காருகிறவர் சம்பளக்காரர் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒத்துக்கொண்டு மாட்டிக்கொண்ட தன்னார்வலர். அவருக்காகத்தான் இது.

இந்தச் சங்கம் 1966-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுப் பின்கட்டில் நடந்த விருந்தாகத் தொடங்கியது. இன்று அது பதிவுபெற்ற லாப நோக்கமற்ற நிறுவனம். ராஜ்யம், ராஜா, ராணி எல்லாம் விளையாட்டுக்குள் இருந்தாலும், வாசலில் வாங்கும் கையெழுத்தும் காசும் அமெரிக்கச் சட்டத்துக்கும் வரிக் கணக்குக்கும் உட்பட்டவை. சங்கத்தின் பெரிய வட்டாரப் பிரிவுக்குப் பெயர்தான் ராஜ்யம். ராஜ்யத்துக்கு ராஜ்யம் விதி கொஞ்சம் மாறும். கீழே சொல்வதும் உங்கள் ராஜ்யத்தின் விதியும் மோதினால் ராஜ்யத்தின் விதிதான் செல்லும்.

மேசையில் ஒரே ஒரு ஒழுங்கு: முதலில் பொறுப்பு விலக்குப் படிவத்தில் (அடிபட்டால் சங்கத்தைப் பொறுப்பாக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் தாள்) கையெழுத்து, அப்புறம் காசு, கடைசியில் உள்ளே போக அடையாளமாக டோக்கன். இது தலைகீழாவதால்தான் கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை வருகின்றன. காசு குறைந்தால் திங்கட்கிழமைகூட வாங்கிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடாமல் உள்ளே போனவர் சனிக்கிழமை மதியம் கால் முறிந்து விழுந்தால், அந்தக் கையெழுத்தைப் பிறகு வாங்க முடியாது.

## அறிகுறி: வரிசை நகரவில்லை, கார்கள் சாலைவரை நிற்கின்றன

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேரும்போது இது நடக்கும்.

பேனா போதுமா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இரண்டு பேனா உள்ள மேசையில் இரண்டு பேர்தான் கையெழுத்துப் போட முடியும். எட்டு அட்டை, எட்டு பேனா, ஒவ்வொன்றும் கயிறு கட்டி. இருட்டினால் தலையில் மாட்டும் விளக்கு. மேசையில் ஒற்றை லாந்தர் வைத்தால் படம் எடுக்க நன்றாக இருக்கும், கட்டம் தெரியாது.

படிவத்தை மேசைக்கு வந்துதான் முதல்முறை பார்க்கிறார்களா? அப்படியென்றால் ஓர் ஆளை அட்டைகளோடு வரிசையின் வால் பக்கம் அனுப்புங்கள். காரில் உட்கார்ந்தபடியே படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மேசையில் காசும் டோக்கனும் மட்டும்தான் பாக்கி. வேறு எந்த மாற்றத்தையும்விட இதில்தான் நேரம் அதிகம் மிச்சமாகும்.

முன்பதிவுக்காரரும் இல்லாதவரும் ஒரே வரிசையிலா? பிரித்துவிடுங்கள். முன்பே பணம் கட்டியவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவருக்கு முன்னால் மூன்று குழந்தைகளோடு, விருந்துக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்தபடி ஒருவர் நின்றால் இருவருக்கும் எரிச்சல்.

கார்டு தேய்க்கும் கருவி சுற்றிக்கொண்டே இருக்கிறதா? சாரணர் முகாமிலும் கவுண்டி பூங்காவிலும் சிக்னல் கிடைப்பது அதிர்ஷ்டம். கருவியை இணைப்பு இல்லாத நிலையில் இயக்க முடியுமா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஆனால் அப்படி வாங்கும் பணம் பிறகு மறுக்கப்பட்டால் நஷ்டம் உங்கள் கிளைக்குத்தான். பொருளாளரைக் கேட்காமல் அதை இயக்க வேண்டாம். 'வாசலில் ரொக்கமோ காசோலையோ மட்டும்' என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுவது மலிவான தீர்வு. போட்டால் சில்லறை நிறைய வேண்டும், ஏனென்றால் ஏடிஎம்மிலிருந்து வருகிற எல்லோரும் 20 டாலர் நோட்டோடுதான் வருவார்கள்.

மேசை எங்கே இருக்கிறது? வாகன நிறுத்தத்துக்கு முன்னால் என்றால் வரிசை காராக நிற்கும், பின்னால் என்றால் ஆளாக நிற்கும். ஆள் வரிசை பாதுகாப்பானது. ஆனால் மேசையைக் கடக்காமல் முகாமுக்குள் போக வேறு பாதை இருக்கக் கூடாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கார் வரிசை பொதுச் சாலையில் ஏறிவிட்டால் அது மேசையின் பிரச்சினை இல்லை. நிகழ்ச்சிப் பொறுப்பாளரை வரச் சொல்லுங்கள். கார்களை உள்ளே விட்டு, ஒரு திறந்த வெளியில் நிறுத்தி, அங்கேயே கையெழுத்து வாங்கும் முடிவை அவர்தான் எடுக்க வேண்டும். நெடுஞ்சாலையில் இறங்கி நீங்களே போக்குவரத்தை நிறுத்தாதீர்கள்.

## அறிகுறி: 'முன்பதிவு செய்தேன்' என்கிறார், பட்டியலில் பெயர் இல்லை

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உங்கள் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிற பெயர் என்ன?" பத்து வருடமாக நண்பர்கள் அவரை ஏதோ ஒரு வைக்கிங் பெயரில் கூப்பிட்டிருப்பார்கள். பதிவை எந்தப் பெயரில் செய்தோம் என்பது அவருக்கே மறந்திருக்கும். பட்டியலை இரண்டு விதமாக அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று சட்டப் பெயர் அகர வரிசையில், இன்னொன்று சங்கப் பெயர் (சங்கத்துக்குள் அவர் வைத்துக்கொண்ட பெயர்) அகர வரிசையில்.

இரண்டிலும் இல்லையா? யார் பணம் கட்டினார்கள் என்று கேளுங்கள். வீட்டுக்காரர், அறைத் தோழர், அவருடைய சண்டைக் குழுவின் தலைவர் யாராவது மொத்தமாகக் கட்டியிருக்கலாம்.

அடுத்தது முன்பெயர், குடும்பப் பெயர் இடம் மாறுவது. நம் ஆட்களுக்கு இது கூடுதல் தொல்லை. அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு ஒற்றைப் பெயரோடு அமெரிக்கா வந்தவரின் விசாவில் முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்ற மூன்று எழுத்து உட்கார்ந்திருக்கும். 'முன்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அந்த ஆவணத்தைப் பார்த்துப் படிவம் நிரப்பினால் பட்டியலில் அவர் எஃப்என்யு ஆகிவிடுவார். புதிதாக வந்த தமிழரோ தெலுங்கரோ 'என் பெயர் இல்லையே' என்று முழித்தால் எஃப் எழுத்தின் கீழும் ஒரு தடவை தேடுங்கள்.

இன்னும் கிடைக்கவில்லை என்றால் உறுதி மின்னஞ்சலைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வேறு வார இறுதியின் நிகழ்ச்சி இருப்பதையும் பார்க்கலாம். அதுவும் இல்லை, அஞ்சலில் காசோலை அனுப்பினேன் என்கிறார் என்றால், முன்பதிவு வாங்கியவர் முகாமில் எங்காவது இருப்பார், அவரிடம் கேட்கலாம்.

அவரும் கைவிரித்தால் இப்போது வாசல் கட்டணம் வாங்கி, ரசீது எழுதி, 'முன்பதிவு சர்ச்சை' என்று தாளில் குறித்து உள்ளே விடுங்கள். இரண்டு முறை கட்டியது தெரியவந்தால் பொருளாளர் காசோலையாகத் திருப்பித் தருவார். கல்லாவிலிருந்து எடுத்துத் திருப்பித் தராதீர்கள், ஏன் என்று கீழே கணக்குப் பகுதியில் வருகிறது.

## அறிகுறி: உறுப்பினர் என்கிறார், அட்டை கையில் இல்லை

உறுப்பினர் அல்லாதவர் கட்டும் கூடுதல் தொகை உள்ளூர்க் கிளைக்கு வரும் காசு இல்லை. வாசலில் வசூலித்து மேலே அனுப்ப வேண்டியது. ஆகவே 'நம்ம ஆள்தானே' என்று நீங்கள் விட்டுக்கொடுத்தால் உங்கள் கிளை கைக்காசைப் போட்டு அனுப்ப வேண்டிவரும்.

கைப்பேசியில் அட்டை இருக்கிறது, சிக்னல் இல்லை என்றால் மேட்டில் ஏறிப் பார்க்கச் சொல்லி வரிசையிலிருந்து ஒதுக்கிவிடுங்கள். அட்டை கிடைத்தாலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். பல பேருக்கு அது போன மாதம் முடிந்திருப்பது இங்கே வந்துதான் தெரியும். எந்தச் சான்றும் இல்லையென்றால் கூடுதல் தொகையை வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் அறிந்த பெரிய மனிதராக இருந்தாலும் இதேதான். சொல்லப்போனால் அவரிடம் வாங்கிவிட்டால் பின்னால் நிற்பவர்களிடம் வாங்குவது சுலபம்.

## அறிகுறி: கையெழுத்துத் தாள் குளறுபடி

தாளை ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பயனில்லை.

*பெயர்ப் பத்தியில் 'கரடிக்கொல்லி சிகுர்ட்' என்று இருக்கிறது.* சங்கப் பெயரில் போட்ட கையெழுத்தை நம்பி வழக்கறிஞர் யாரும் வாதாட விரும்ப மாட்டார். சட்டப் பெயருக்கு ஒரு பத்தி, பக்கத்திலேயே சங்கப் பெயருக்கு ஒரு பத்தி விட்டால் இந்தக் கோளாறு தானாகக் குறையும். கட்டம் இருந்தால் மனிதன் நிரப்புவான்.

*கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே கையெழுத்து.* வயது வந்த ஒவ்வொருவரும் தானேதான் போட வேண்டும். 'அவர் கார் நிறுத்தப் போயிருக்கிறார், நான் போட்டுவிடுகிறேன்' என்றால் அவருடைய டோக்கனை மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் வேண்டுமென்றால் வந்துவிடுவார்.

*பேர் புரியவில்லை.* அச்செழுத்தில் எழுதச் சொல்லி ஒரு பத்தி இருந்தும் கிறுக்கியிருந்தால், அவர் எதிரில் நிற்கும்போதே கேட்டு நீங்கள் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கையெழுத்தின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள்.

*மழையில் தாள் ஊறிவிட்டது.* ஜெல் பேனாவை வீட்டில் விட்டுவிட்டுப் பந்துமுனைப் பேனா கொண்டுவந்தால் தாள் ஊறினாலும் எழுத்து ஓடாது. நிரம்பிய தாளை உடனே பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். அப்படியும் எழுத்து அழிந்துவிட்டால் படம் எடுத்துக்கொண்டு, அந்தத் தாளில் இருந்தவர்களிடம் மறுபடி கையெழுத்து வாங்குங்கள். அழிந்த தாளையும் எறியக் கூடாது.

விட்டுப்போனவர்களைப் பிடிக்கத் தோதான இடங்கள் இரண்டு. சண்டை போடுகிறவர் களத்தில் இறங்குமுன் அங்கீகார அட்டையைக் காட்டிப் பெயர் கொடுக்கும் லிஸ்ட் மேசை ஒன்று. மற்றது இரவு விருந்து வாசல். அந்த இரண்டு இடத்திலும் டோக்கன் பார்க்கச் சொல்லிவிட்டால் மேசையைச் சுற்றிக்கொண்டு போனவர் எப்படியும் மாட்டுவார்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: யாராவது படிவத்தின் வாசகத்தை அடித்துவிட்டோ, 'இதற்கு உடன்பாடில்லை' என்று எழுதிவிட்டோ கையெழுத்துப் போட்டால் வாதம் செய்ய வேண்டாம். அவரை ஓரமாக உட்காரவைத்து செனஷலைக் கூப்பிடுங்கள். கிளையின் சட்டப்பூர்வப் பிரதிநிதி அவர்தான். உள்ளே விடுவதா இல்லையா என்பது அவர் பொறுப்பு.

## அறிகுறி: பதினெட்டு வயதுக்குக் கீழே, கூடப் பெற்றோர் இல்லை

மேசையில் நிதானம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். பின்னால் எத்தனை பேர் முணுமுணுத்தாலும் இதில் அவசரப்படாதீர்கள்.

பெற்றோர் காரை நிறுத்துகிறார். பெரும்பாலும் அவ்வளவுதான் விஷயம். வரட்டும், காத்திருங்கள்.

தாத்தா, சித்தி, அண்ணன், குடும்ப நண்பர் யாரோ கூட்டிவந்திருக்கிறார். உறவு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் கையெழுத்துப் போடும் உரிமை பெற்றோருக்கோ சட்டப்படியான காப்பாளருக்கோதான். நம் ஊர் வழக்கத்தில் பெரியப்பா கையெழுத்து அப்பா கையெழுத்துக்குச் சமம். இங்கே செல்லாது. குழந்தைக்கான பொறுப்பு விலக்குப் படிவம், அடிபட்டால் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் மருத்துவ அதிகாரப் படிவம் இரண்டையும் பெற்றோர் முன்னமே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கூட வந்திருப்பவர்தான் பொறுப்பாளர் என்று அந்த மருத்துவப் படிவத்தில் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில நிகழ்ச்சிகளில் நோட்டரி முத்திரையும் கேட்பார்கள். பென்சில்வேனியாவின் ஸ்லிப்பரி ராக் அருகே கோடையில் நடக்கும் பென்சிக் போர் என்ற எஸ்சிஏ நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் அந்த வருடத்தின் விதியைக் கிளம்புமுன்பே படித்துவிட வேண்டும். இரண்டு வாரம் நீளும், பத்தாயிரம் பேர் அளவுக்குக் கூடும் இடத்தில் மேசையில் வந்து கெஞ்சிப் பயனில்லை.

படிவம் இருக்கிறது, ஏதோ இடிக்கிறது. தேதி போன வருடத்தையது, நிகழ்ச்சியின் பெயர் வேறு, பொறுப்பாளர் என்று எழுதியிருப்பவர் வரவே இல்லை, வேறொருவர் வந்திருக்கிறார். இவை எதையும் நீங்கள் பேனா எடுத்துத் திருத்தக் கூடாது. பெற்றோரைக் கைப்பேசியில் பிடித்துப் புதுப் படிவம் அனுப்பச் சொல்லலாம். படம் பிடித்து அனுப்பிய கையெழுத்தை ஏற்பதா என்று செனஷலைக் கேளுங்கள். ராஜ்யத்தைப் பொறுத்தது அது.

பதினேழு வயதுப் பையன் தனியாகக் கார் ஓட்டி வந்திருக்கிறான், தாள் எதுவும் இல்லை. உள்ளே விட முடியாது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பிள்ளையைத் திருப்பிச் சாலையில் அனுப்புவதும் சரியில்லை. மேசைக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் உட்காரவைத்துப் பெற்றோருக்குப் போன் போட வையுங்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வரும்வரை இரண்டு பெரியவர்கள் கூட இருக்கட்டும், ஒருவர் மட்டும் போதாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பிரிந்த பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு உள்ளே இருக்கிறார், மற்றவர் வாசலில் வந்து 'எனக்குத்தான் உரிமை' என்கிறார். நீதிமன்ற ஆணையை நீட்டினாலும் அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையது இல்லை. செனஷலைக் கூப்பிடுங்கள். குரல் உயர்ந்தால், யாராவது குழந்தையை இழுத்தால், உடனே 911.

## அறிகுறி: கல்லா டேலி ஆகவில்லை

எண்ணும்போது இருவர் வேண்டும், அவர்கள் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. சந்தேகத்துக்காக இல்லை, நாளைக்கு யாரும் அவர்களைச் சந்தேகப்படாமல் இருப்பதற்காக. இருவரும் தனித்தனியே எண்ணி, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு வித்தியாசத்தைப் பார்க்கலாம். வித்தியாசத் தொகையே பல சமயம் காரணத்தைச் சொல்லிவிடும்.

காலையில் போட்ட சில்லறைத் தொகைக்குச் சரியாக இருக்கிறதா? அதைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். அடிக்கடி வருவது இதுதான்.

உறுப்பினர் அல்லாதவர் கூடுதல் தொகையின் மடங்கா? அது 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 30 டாலர் குறைந்தால் மூன்று பேருக்கு உறுப்பினர் விலை போட்டுவிட்டுத் தாளில் வேறு குறி போட்டிருக்கிறீர்கள். தாளை வரிசை வரிசையாகப் பார்த்தால் கிடைத்துவிடும்.

ஒன்பதால் வகுபடுகிறதா? இலக்கம் இடம் மாறியிருக்கிறது. 26 என்பதை 62 என்று எழுதினால் வித்தியாசம் 36. கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்யும் சோதனை இது, இன்றும் வேலை செய்கிறது. ஆனால் 90-ம் ஒன்பதால் வகுபடும், கூடுதல் தொகையின் மடங்காகவும் இருக்கும். அப்போது இரண்டு வழியிலும் தேடுங்கள்.

விருந்துக் கட்டணத்தின் மடங்கா? ராஜா ராணிக்கு இலவசம் என்று விட்டதும், சமையலறையில் வேலை செய்தவருக்குத் தள்ளுபடி கொடுத்ததும் தாளில் ஏறாமல் போயிருக்கும். குடும்பத்துக்கு உச்சவரம்பு வைத்திருந்தால் அதையும் பாருங்கள்.

காசு சரி, தலை எண்ணிக்கை இடிக்கிறதா? மிச்ச டோக்கனை எண்ணுங்கள். காலையில் இருந்ததிலிருந்து மிச்சத்தைக் கழித்தால் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று வரும். டோக்கன் கையெழுத்தைவிட அதிகமாகப் போயிருந்தால், கோளாறு கல்லாவில் இல்லை, மேலே சொன்ன தாள் பகுதிக்குத் திரும்புங்கள்.

இத்தனைக்கும் பிறகு வித்தியாசம் நின்றால், சமையலறைக்கு ஐஸ் வாங்க யாராவது 40 டாலர் எடுத்துப் போனார்களா என்று விசாரியுங்கள். கல்லாவிலிருந்து செலவு செய்யக் கூடாது என்பது இதற்காகத்தான். வாங்கியவர் தன் காசில் வாங்கி, ரசீதைக் கொடுத்து, பொருளாளரிடம் காசோலை வாங்கிக்கொள்ளட்டும். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: சில டாலர் வித்தியாசத்தை 'விளக்கம் கிடைக்கவில்லை' என்று அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். கைக்காசைப் போட்டுச் சமன் செய்யாதீர்கள், அது அடுத்த முறை தேடுகிறவருக்குத் தடயத்தை அழிப்பது. ஒரு கட்டு நோட்டோ, ஓர் உறையோ முழுதாகக் காணவில்லை என்றால் அன்றைக்கே ராஜ்யத்தின் பொருளாளருக்கும் செனஷலுக்கும் தகவல் போக வேண்டும். போலீஸில் புகார் கொடுப்பதா என்று அவர்கள் சொல்வார்கள். மேசையில் இருந்த யாரையும் எதிரே நிறுத்திக் குற்றம் சாட்ட வேண்டாம்.

## அறிகுறி: இடத்துக்காரர் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்டு வாசலைப் பூட்டியிருக்கிறார்

சான்றிதழ் வாங்கியிருந்தால் பொறுப்பாளரின் மின்னஞ்சலில் இருக்கும், ஒரு நகல் மேசைப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். இடத்தின் சொந்தக்காரர் பெயரையும் காப்பீட்டில் சேர்க்கக் கேட்கிறார் என்றால் அது தனிச் சான்று, செலவும் உண்டு, வார இறுதியில் கிடைக்காது. ஒப்பந்தத்தை மாதக்கணக்கில் முன்னே படித்திருக்க வேண்டிய வேலை. வாங்கவே இல்லையென்றால் மேசையால் ஆவது ஒன்றுமில்லை, செனஷலுக்குப் போன் போடுங்கள்.

## அறிகுறி: உள்ளே விடக் கூடாதவர் வந்து நிற்கிறார்

ஜீன்ஸ், டீ சட்டையோடு வந்த புதியவரைப் பற்றிச் சொல்லவில்லை. அவருக்கு இரவல் உடைப் பெட்டி இருக்கும், பதினேழாம் நூற்றாண்டுக்கு முந்தைய உடைபோல ஏதோ ஒன்று தோளில் விழுந்தால் போதும். புதியவர்களைக் கவனிக்கும் பொறுப்பாளரிடம் அனுப்பிவிடுங்கள்.

தடை விதிக்கப்பட்டவர் பட்டியல் செனஷலிடமிருந்து மேசைக்கு வந்திருந்தால் அதை மேசைமேல் விரித்து வைக்காதீர்கள், பெட்டி மூடியின் உள்பக்கம் போதும். பெயர் பொருந்தினால் காசு வாங்காமல், காரணம் பேசாமல், "கொஞ்சம் இருங்கள், பொறுப்பாளரைக் கூப்பிடுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வேறொருவராகவும் இருக்கலாம். போக மறுத்தால் இடத்துக்காரரும் போலீஸும் பார்த்துக்கொள்வார்கள். கவசம் போட்ட நண்பர்களைக் கூப்பிட்டு வெளியேற்றும் யோசனை யாருக்காவது கட்டாயம் வரும், முளையிலேயே கிள்ளிவிடுங்கள்.

## அறிகுறி: நிகழ்ச்சி முடிந்தது, தாள்களைக் காணோம்

முதலில் கல்லாப்பெட்டியின் அடித்தட்டு. அடுத்து, கடைசி ஷிஃப்ட்காரரின் கார் பின்சீட்டு. அதற்கப்புறம் தொலைந்த பொருள் பெட்டி, கூடாரப் பைகள், அடுப்பு பற்றவைக்கக் காகிதம் சேர்த்த மூட்டை. கடைசியாகச் சொன்னதை முதலிலேயே பார்த்தாலும் தப்பில்லை.

கிடைத்ததும் பக்க எண்ணைச் சரிபாருங்கள். எண் போடாமல் தொடங்கியிருந்தால் எத்தனை தாள் தொலைந்தது என்றே தெரியாது, ஆகவே அடுத்த நிகழ்ச்சிக்கு வெறும் தாளிலேயே எண் போட்டு வையுங்கள். சிறார் படிவங்களைத் தனி உறையில் பிரித்து வையுங்கள், அவற்றில் பெற்றோர் எண்ணும் மருத்துவ விவரமும் இருக்கும். எல்லாவற்றையும் அங்கேயே கைப்பேசியில் படம் எடுத்து, செனஷலுக்கு அனுப்பியதும் உங்கள் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள். ஒரு தாள் நிஜமாகவே போய்விட்டது என்றால், படிவங்களைப் பாதுகாக்கும் ராஜ்ய அலுவலருக்கு அன்றே எழுதுங்கள். அந்த வார இறுதியில் யாருக்காவது அடிபட்டிருந்தால் அதையும் அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.